எல்லா மேசையும் காலிதான்

மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிற வேலையில் கால் நோவது ஒரு பெரிய விசயமே இல்லை. ஆட்கள் வராத கடையில், இப்ப வருவினம், இப்ப வருவினம் என்று முகத்தில் ஒரு சிரிப்போடு நிற்கிறதுதான் ஆளைத் தின்னும். உங்களில் யாராவது அப்படி ஒரு கடையில், கையில் துவாயோடு, கதவைப் பார்த்தபடி நின்றிருந்தால் உங்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நிற்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இருந்து வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்ற ஊரில், ரயில் ஸ்டேசனுக்குப் பின்தெருவில், சைக்கிள் திருத்துகிற கடைக்கும் தலைமயிர் வெட்டுகிற கடைக்கும் நடுவில் ஒரு யூகோஸ்லாவியச் சாப்பாட்டுக்கடை இருந்தது. அதில்தான் நான் வேலைசெய்தேன்.

தூக்கினால் போதும்

அகதியாக வந்து, இருக்க அனுமதி கிடைத்து, டெனிஷ் படிக்கப் போய்க்கொண்டிருந்த காலம். மனைவியும், தவழுகிற வயதில் நான் விட்டுவந்த மகளும் பருத்தித்துறையில். வேலை ஒன்று இருந்தால் அவர்களைக் கெதியாகக் கூப்பிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எந்த வேலை என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. மொழி படிப்பித்த ரீச்சர்தான் இந்தக் கடையைக் காட்டிவிட்டார்.

முதலாளியின் பெயர் ஸ்டோயான். பெரிய உடம்பு, நரைத்த மீசை. ரயில்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வருசக்கணக்காக வேலைசெய்து, முதுகு போனபிறகு கடை போட்டவர். மனைவி லியூபிட்சா குசினியில் சமையல். வேறு ஆட்கள் இல்லை. அவருடைய டெனிஷும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. இரண்டு உடைசலையும் சேர்த்து வைத்து ஒருவாறு கதைத்தோம். எல்லாம் சரிவந்து, என் பெயர் வரதராசா என்பது "வரா" என்று சுருங்கிய பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். "நான் சைவம். பிறந்ததில இருந்து இறைச்சி தொட்டதில்லை." அவர் திரும்பிக் குசினியைப் பார்த்தார். உள்ளே லியூபிட்சா அரைத்த இறைச்சியை விரல் விரலாக உருட்டி நெருப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பெயர் செவாப்சிச்சி. கடையில் முக்கால்வாசிப்பேர் கேட்பது அதைத்தான் என்றார். புகை வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஸ்டோயான் ஒரு துவாயை எடுத்து என் தோளில் போட்டார்.

"சாப்பிடச் சொல்லி ஆர் கேட்டது? தூக்கிக்கொண்டு போனால் போதும்."

நோ

முதல் நாள் வந்தவர்கள் வயதான ஒரு புருசன் பெண்சாதி. செவாப்சிச்சி கேட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு சாப்பாட்டுக் கோப்பையும் தூக்கிப்போய் அவர்கள் முன்னால் வைத்து, பாடமாக்கின டெனிஷில் "இதோ உங்கள் சாப்பாடு" என்றேன். அந்த மனிசன் கோப்பையைப் பார்த்து, "நோ" என்றார். மனிசியும் பார்த்து, "நோ, நோ" என்றாள். எனக்கு இங்கிலீசில் "நோ" என்றால் என்ன என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே உபயோகமான சொல் அது. மன்னிப்புக் கேட்டு இரண்டு கோப்பையையும் தூக்கிக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன்.

லியூபிட்சா கரண்டியைப் போட்டுவிட்டு நெற்றியில் அடித்தாள். டெனிஷ்காரர் வாய் திறந்தால் வருகிற முதற் சொல்லே அந்த "நோ"தான், அதற்கு "ஓகோ, அப்படியா" என்று அர்த்தம் என்று ஸ்டோயான் எனக்கு விளங்கப்படுத்த, நான் ஓடிப்போய்க் கோப்பைகளைத் திருப்பி வைத்தேன். அந்த மனிசி பயந்துபோய் இருந்தாள். மிக மரியாதையாக என்னிடம் கேட்டாள்:

"நாங்கள் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டோமா?"

கடல்

வெள்ளிக்கிழமைகளில் சில நேரம் ஒரு சோடி வரும். ஒவ்வொரு கோடை லீவுக்கும் யூகோஸ்லாவியக் கடற்கரைக்குப் போய் வருகிறவர்கள். குளிர்காலத்தில் அந்த நினைவைச் சூடாக்கிக்கொள்ள இந்தக் கடைக்கு வருவார்கள். என்னையும் அந்தப் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தார்கள். வெயிலில் கறுத்தது என்று நினைத்தார்களோ தெரியாது. ஒருநாள் அந்த மனிசி வைன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கடற்கரையில் எந்த ஊர் என்று கேட்டாள். பருத்தித்துறை என்றேன். விளங்கவில்லை. இங்கிலீசில் சொல்கிற பெயரைச் சொன்னேன். "பொயின்ற் பீட்ரோ."

"பீட்ரோ!" என்று இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. போன வருசமா அதற்கு முந்தின வருசமா என்று தங்களுக்குள் கொஞ்சம் பிடுங்குப்பட்டு, அங்கே போயிருக்கிறோம் என்று முடிவுக்கு வந்தார்கள். சிவப்பு ஓடு போட்ட வீடுகள், இரவில் கடற்கரையில் பாட்டு, சுட்ட மீன் என்று அடுக்கினார்கள். கடலில் இறங்கினால் நேவிக்காரன் சுடுவான் என்று வள்ளங்களையெல்லாம் கரையில் ஏற்றிவிட்டு எங்கட சனம் இருந்த நேரம் அது. வீட்டு மதிலுக்கு அங்கால் செல் விழுந்தது, பிள்ளை இப்ப கதவு அடிபட்டாலும் குழறுகிறாள் என்று மனைவி எழுதியிருந்தாள். இல்லை அம்மா, அது வேறு இடம் என்று சொல்ல எனக்கு டெனிஷ் போதாமல் இல்லை, மனம்தான் வரவில்லை. கோப்பைகளை அடுக்கினேன். அந்த மனிசன் என் கையில் மெல்லத் தட்டிச் சொன்னார்:

"அந்தக் கடல் என்ன அமைதி, இல்லையா?"

செல்வத்தின் ஜெபம்

நான் இருந்த அறையில் என்னோடு செல்வம் என்று ஒருவன் இருந்தான். மானிப்பாய்ப் பொடியன், பெந்தகோஸ்தே. சபைக்குப் போகாத நாளில்லை. எதற்கும் ஜெபம்தான், பஸ் பிந்தினாலும் ஜெபிப்பான். எனக்கோ வேலைக்குப் போய் வந்தால் உடுப்பு, தலைமயிர், நகக்கண் எல்லாம் இறைச்சிப் புகை. எவ்வளவு குளித்தாலும் போகாது. கோட்டை யன்னலுக்கு வெளியே தொங்கவிடுவேன். விடிய அது விறைத்துப்போய் ஒரு ஆள் மாதிரி நிற்கும், மணம் மட்டும் விறைக்காது. சாமி படத்துக்கு முன்னால் நிற்கக் கூசி, கதவடியில் நின்று கும்பிட்டுவிட்டுப் படுப்பேன். வீட்டை நினைத்தால் அதுதான் பெரிய வேதனையாக இருந்தது. இந்த மணத்தோடு எப்படி அவர்களைக் கட்டிப்பிடிக்கிறது என்று.

ஆட்கள் வராததால் கடையில் சாப்பாடு மிஞ்சும். எறிய மனமில்லாமல் லியூபிட்சா அதைப் பொட்டலமாக்கி என் கையில் திணிப்பாள். வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். அதனால் இறைச்சியே தொடாத நான் தினமும் இறைச்சிப் பொட்டலத்தோடு வீடு போனேன். செல்வம் அதை மேசையில் விரித்துவைத்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி உரக்கச் சொன்னான்:

"ஆண்டவரே, இறைச்சி தொடாத இந்த அண்ணையின்ர கையால எனக்கு இறைச்சி அனுப்புறதுக்கு ஸ்தோத்திரம்!"

உறைப்பு

ஒரு மனிசன் வந்து, நல்ல உறைப்பாக ஏதாவது வேண்டும், டெனிஷ்காரனுக்குப் போடுகிற உறைப்பு வேண்டாம், உங்கள் ஊரில் போடுகிற மாதிரி வேண்டும் என்றார். ஸ்டோயானும் லியூபிட்சாவும் முழித்தார்கள். அவர்கள் செய்கிற சிவப்புக் குடைமிளகாய்ச் சம்பலில் உறைப்பே கிடையாது. அது ஒரு இனிப்பு. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் எங்கள் ஊர் ருசியைக் கேட்கிறார் என்ற சந்தோசத்தில் நான், செல்வத்துக்கு ஊரிலிருந்து வந்த செத்தல் மிளகாயை ஓடிப்போய் எடுத்துவந்து வறுத்து இடித்துக் கொடுத்தேன். அந்த மனிசன் முழுவதையும் சாப்பிட்டார். கண்ணால், மூக்கால் எல்லாம் ஓடியது. ஆனாலும் நிறுத்தவில்லை, டெனிஷ்காரன் கேட்டு வாங்கியதை மிச்சம் விடமாட்டான். கோட்டைப் போட்டுக்கொண்டு, எழும்பாத குரலில் எனக்குக் கைதந்தார்.

"மிகவும் சுவாரசியமாக இருந்தது. இனி வரமாட்டேன்."

யன்னலோரம்

தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிட்சாக்கடை திறந்தார்கள். அன்றிலிருந்து ஸ்டோயான் யன்னலோரத்தில் நின்று அங்கே போகிறவர்களைப் பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். "காலியான கடைக்குள்ள ஆரும் வரமாட்டான், வரா. ஆக்கள் இருக்கிற மாதிரிக் காட்டவேணும்" என்றார். எல்லா மேசைக்கும் மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு என் துவாயை வாங்கிக்கொண்டு, செல்வத்தையும் கூட்டிவரச் சொல்லி, எங்கள் இருவரையும் யன்னலோர மேசையில் இருத்தினார். தன்னுடைய நல்ல கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். தோள் இரண்டும் என் முழங்கை வரைக்கும் தொங்கியது. லியூபிட்சா எனக்கு அவரைக்கொட்டைச் சூப்பும் செல்வத்துக்கு இறைச்சியும் கொண்டுவந்து வைத்தாள். "மெல்லச் சாப்பிடுங்கோ. சிரிச்சுக் கதையுங்கோ" என்று ஸ்டோயான் பின்னால் நின்று சொல்லித்தந்தார்.

சிரித்துக் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்றால், செல்வத்தின் தமையனை ஆமி பிடித்துக்கொண்டுபோய் இன்னும் விடவில்லை என்ற கதை. வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. ஒரு சோடி நின்று, கண்ணாடிக்குள் இருந்த விலைப்பட்டியலை வாசித்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்து, போய்விட்டார்கள். இன்னொரு குடும்பம் வந்து நின்று, அவர்களும் போனார்கள். கடைசியில் கதவு திறந்தது. நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா. ஸ்டோயான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார். அந்த அம்மா உள்ளே காலை வைக்காமல், உண்மையான இரக்கத்தோடு கேட்டாள்: "மன்னிக்கவும், இது இப்போது அகதிகளைத் தங்கவைக்கிற இடமா? எங்கள் வீட்டில் கொஞ்சம் பழைய உடுப்பு இருக்கிறது."

இது சாப்பாட்டுக்கடை என்று ஸ்டோயான் சொன்னார். அவள் முகம் சிவந்து, பலதடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். செல்வம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஸ்டோயான் நெடுநேரம் ஒவ்வொரு மேசையாகப் போய் மெழுகுதிரிகளை ஊதி அணைத்தார். எங்கள் பக்கம் வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. யன்னல் திரையைச் சரிசெய்தபடி சொன்னார்:

"அடுத்தமுறை நீங்கள் பின்பக்க மேசையில இருக்கலாம். அங்க சூடு கூட."

கடுதாசித் தொப்பி

டிசம்பரில் டெனிஷ்காரர் வேலைசெய்கிற இடத்து ஆட்களோடு சேர்ந்து கிறிஸ்மஸுக்கு முந்தின நத்தார்ச் சாப்பாடு சாப்பிடுவார்கள். இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு உடுப்புத் தொழிற்சாலைக்காரருக்கு அங்கே ஒரு இடமும் கிடைக்காமல், பஸ் பிடித்து எங்கள் கடைக்கு வந்தார்கள். கடை நிரம்பிவிட்டது. ஸ்டோயான் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார், லியூபிட்சா குசினியில் பாடினாள். எல்லார் தலையிலும் வண்ணக் கடுதாசித் தொப்பி. கோப்பைகளோடு போய்க்கொண்டிருந்த நான், மூலையில் ஒரு கறுத்த முகத்துக்கு மேல் பச்சைத் தொப்பியைக் கண்டு நின்றுவிட்டேன். எனக்குக் கணக்குப் படிப்பித்த நாகலிங்கம் மாஸ்டர். வெள்ளை வேட்டியும் குடையுமாக அவர் வந்தால் ஒழுங்கையே ஒதுங்கும். நான் "மாஸ்டர்" என்றதும் அவர் அரைவாசி எழும்பி, தொப்பியைக் கழற்றப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பத் தலையில் வைத்து அமத்தினான்.

கோப்பையை அவர் முன் வைத்தபோது மெல்லக் கேட்டார்: "தம்பி, இதில மாடு இருக்கோ?" எல்லாத்திலயும் இருக்கு மாஸ்டர் என்றேன். தலையாட்டினார். நான் பாணும் உருளைக்கிழங்கும் தனியாகக் கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்கள் பாட்டுப் பாடி மேசையில் தட்ட, அவரும் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்து எல்லாரும் ஏறும்போது என்னைக் கோட்டு மாட்டுகிற மூலைக்குக் கூப்பிட்டார். என் தோளில் கிடந்த துவாயையும் தன் கையில் இருந்த தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இஞ்ச துணி மடிக்கிறன் எண்டு ஊருக்கு எழுதாதையும். நீர் கோப்பை தூக்கிறீர் எண்டு நானும் எழுதன்."

டெலிபோன்

விசா அலுவலாக மனைவி பிள்ளையையும் கொண்டு கொழும்புக்கு வரவேண்டியிருந்தது. ரயிலும் இல்லாமல், பாதி வழி பஸ்சும் இல்லாமல், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி வந்து சேர்ந்திருக்கிறாள். எங்கள் அறையில் டெலிபோன் இல்லை, அதனால் கடை நம்பரைத்தான் எழுதியிருந்தேன். அவள் அங்கே தபால் கந்தோரில் காசு கட்டி, கியூவில் நின்று, குறிப்பிட்ட நேரம் மட்டும் கதைக்கலாம். அன்றைக்கென்று பார்த்துக் கடையில் ஒரு பிறந்தநாள் கூட்டம். நான் இரண்டு கையிலும் சூடான கோப்பைகளோடு உள்மேசைக்குப் போயிருந்தேன். மணி அடித்தது கேட்கவில்லை.

ஸ்டோயான் எடுத்திருக்கிறார். பெண்குரல், தூரத்து இரைச்சல். என் மனைவி என்று விளங்கிவிட்டது. அந்த மனிசனுக்கு வந்த சந்தோசத்தில் என்னைக் கூப்பிட மறந்துபோனார். நான் திரும்பி வரும்போது டெலிபோனைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்று, உரத்த டெனிஷில் "வரா நல்ல மனிசன், நல்ல வேலைகாரன், நீங்கள் வாங்கோ, பிள்ளையையும் கொண்டு வாங்கோ, இஞ்ச எல்லாம் சரியாகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பைகளைக் கண்ட மேசையில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பறித்துக் காதில் வைத்தேன். ஒரு நீளமான ஊ என்ற சத்தம். கட்டின நேரம் முடிந்துவிட்டது. அவள் குரலைக் கேட்டே ஒரு வருசத்துக்கு மேல். நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஸ்டோயானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல மனிசி, வரா. நான் சொன்னதுக்கெல்லாம் 'ஓம், ஓம்' எண்டாள். 'ஓம்' எண்டால் என்ன?"

லியூபிட்சாவின் மகள்

அவர்களுக்கு ஒரு மகள், யெலெனா. கொப்பன்ஹேகனில் படிப்பு. எப்போதாவதுதான் வருவாள். ஒருமுறை தன் டெனிஷ் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். லியூபிட்சா விடியவே வந்து மா பிசைந்து, துணி மாதிரி மெல்லியதாக மேசை நிறைய விரித்து, சீஸ் வைத்துச் சுருட்டிப் போறணை அடுப்பில் வைத்தாள். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாத அந்த மனிசி அன்றைக்கு உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தாள். பிள்ளை வந்தாள். தாய் தங்கள் பாசையில் என்னவோ சொல்ல, மகள் டெனிஷில் "அம்மா, டெனிஷில் பேசு. அவனுக்கு விளங்காது" என்றாள்.

லியூபிட்சாவுக்கு இருந்த டெனிஷ் குசினி டெனிஷ். உப்பு, நெருப்பு, கெதியா, கவனம், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நீ பள்ளிக்கூடம் போகிறாய்தானே, "நீ இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருந்தது" என்பதை டெனிஷில் எப்படிச் சொல்கிறது என்று பாதி சொல்லாலும் பாதி கையாலும் கேட்டாள். அது எனக்கு நல்லாகத் தெரிந்த வசனம், என் மனைவியை நினைத்து நானே தேடிப் பாடமாக்கினது. சொல்லிக்கொடுத்தேன். போறணைக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல் நாக்கில் ஏறவே இல்லை. ஏறியபிறகு அவள் வெளியே போனபோது பிள்ளைகள் இருவரும் கோட்டுப் போட்டுவிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கன்னத்தில் ஒரு முத்தம், கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே வந்து, சாயத்தை மேலங்கியால் துடைத்துவிட்டு, வெட்டாமல் கிடந்த பலகாரத்தைப் பார்த்தபடி, தெரிந்த சொல்லையும் கைச்சைகையையும் சேர்த்து எனக்குச் சொன்னாள்:

"உன்ர மகள் வந்தால் உடன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. கொஞ்சநாள் உன்னோட கதைக்கட்டும்."

கடைசிக் கிழமை

கட்டிடத்துச் சொந்தக்காரன் கடையைத் திருப்பி எடுத்து வீடியோப்படம் வாடகைக்குக் கொடுக்கிற ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். ஸ்டோயான் சத்தம்போடவில்லை, சண்டைபிடிக்கவில்லை. ஒரு மட்டையில் "இந்தக் கிழமையோடு மூடுகிறோம்" என்று எழுதிக் கதவில் ஒட்டினார். எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்தவும் அவருக்கு மனமில்லை.

மட்டையைக் கண்டதும் தெரு முழுக்க வரத் தொடங்கிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். தினமும் நாயோடு யன்னலைத் தாண்டிப்போன கிழவர் நாயை வெளியில் கட்டிவிட்டு வந்தார். கதிரை போதாமல் சிலர் கோட்டோடு கதவடியில் நின்றார்கள். லியூபிட்சா வியர்த்து ஒழுக, நான் ஓடி ஓடிக் கோப்பை தூக்க, எல்லாரும் என்ன ருசி, என்ன அருமை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். ஸ்டோயான் குசினிக் கதவில் சாய்ந்து நின்று, நிறைந்துபோன தன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் காணாத மாதிரித் திரும்பினேன். அடுத்த தெருவில் இருக்கிற ஒரு பெண் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு காலமாக வரவேண்டும், வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம்! மூடப்போகிறீர்கள் என்று முதலே சொல்லியிருக்கலாமே?"

ஒரு மேசைச் சாப்பாடு

மூடி முடிந்த அடுத்த நாள் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமானம், ரயில், கப்பல், திரும்பவும் ரயில். ஸ்டேசனில் நான் கையை நீட்ட, மகள் தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். கடைப் பூட்டின் திறப்பு இன்னும் தன் கையில்தான், அவர்களை மத்தியானம் கடைக்குக் கொண்டுவா என்று ஸ்டோயான் சொல்லியிருந்தார். போனோம். பெயர்ப் பலகை கழற்றியாகிவிட்டது. கதிரைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு மேசை, அதற்கு வெள்ளை விரிப்பு, மூன்று கோப்பை. இறைச்சி போடாமல், சோறு அடைத்துச் சமைத்த குடைமிளகாயை லியூபிட்சா தானே கொண்டுவந்து வைத்தாள். ஸ்டோயான் எனக்குக் கதிரையை இழுத்துவிட்டார்.

நான் அதில் இருந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? மகளின் கரண்டி விழுந்தது, எழும்பிப் போய் வேறு எடுத்துவந்தேன். மனைவியின் கிளாசில் தண்ணீர் குறைந்தது, எழும்பினேன். பாண் முடிந்தது, எழும்பினேன். மனைவி யாரோ கொடுத்த பெரிய கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். நாங்கள் எழுதி எழுதிச் சேர்த்து வைத்த கதை எவ்வளவோ இருந்தும், வாயில் வந்தது "உப்புக் காணுமோ?", "இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்பதுதான். "இருங்கோவன்" என்று அவள் தலையைக் குனிந்தபடி இரண்டு தரம் சொன்னாள். எனக்கு இருக்கத் தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்று, என் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயில் சோற்றோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தாயின் கையைச் சுரண்டிச் சொன்னாள்:

"அம்மா, இந்த மாமாவும் பாவம். அவரையும் இருந்து சாப்பிடச் சொல்லுங்கோ."

அந்தக் கடைக்கு வந்த அத்தனை பேருக்குள்ளும் என்னை இருந்து சாப்பிடச் சொன்ன ஒரே ஆள், நான் யாரென்றே தெரியாத என் மகள்தான்.